ஒரே குன்றுக்குள் பல மேடுகள்: கலந்த ஒளிர்வைப் பிரிக்கும் ‘ஸ்டார்டாம்’ மென்பொருள் பற்றிய மதிப்புரை

ஆற்றுநீரை வடிகட்டி, 1 செ.மீ. அகலமுள்ள குவார்ட்ஸ் குவளையில் ஊற்றி, ஒளிர்வு நிறமாலைமானிக்குள் வைத்து மூடினால், சிறிது நேரத்தில் கருவி எண்களை வாரி இறைத்துவிடும். கிளர்வு அலைநீளத்தை, அதாவது நீருக்குள் செலுத்தும் ஒளியின் அலைநீளத்தை, 240 நானோமீட்டரில் தொடங்கி 450 வரை ஐந்தைந்தாக ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு படியிலும் 300 முதல் 600 நானோமீட்டர் வரை இரண்டிரண்டாக உமிழ்வை, அதாவது நீர் திருப்பி வெளியிடும் ஒளியை, அளந்தால், ஒரே ஒரு மாதிரிக்கு 43 நிரைகளும் 151 நிரல்களும் கொண்ட அணி கிடைக்கும். மொத்தம் 6,493 எண்கள். இத்தனை எண்கள் கையில் இருந்தும், அந்த நீரில் எத்தனை வகைப் பொருள்கள் ஒளிர்கின்றன, அவற்றின் பங்கு என்ன என்ற எளிய கேள்விக்கு அணியைப் பார்த்த மாத்திரத்தில் விடை சொல்ல முடியாது. எல்லாப் பொருள்களின் ஒளியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே குன்றாகத் தெரிவதுதான் காரணம். அந்தக் குன்றுக்குள் புதைந்திருக்கும் மேடுகளைத் தனித்தனியே எடுத்துத் தரும் மென்பொருள்களில் ஒன்றான ஸ்டார்டாம் பற்றியது இந்த மதிப்புரை.

ஸ்டார்டாம் (staRdom), புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) என்ற நிரல்மொழியில் இயங்கும் ஒரு தொகுப்பு. ஆஸ்திரியாவில் நீர்ச்சூழல் ஆய்வில் ஈடுபட்டிருந்த மத்தியாஸ் புஹர் முதன்மையாக நின்று, வேறு சில நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து உருவாக்கியது. இதை அறிமுகப்படுத்தும் கட்டுரை 2019இல் வெளிவந்தது. நீரில் கரைந்துள்ள கரிமப் பொருளை ஒளிர்வின் வழியாக ஆராய்பவர்களுக்காக எழுதப்பட்டது என்றாலும், கிளர்வு–உமிழ்வு அணியாகத் தரவு வைத்திருக்கும் எவரும் இதைப் பயன்படுத்தலாம். விலை கிடையாது. ஆர் மொழியின் பொதுக் களஞ்சியமான கிரானிலிருந்து ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நல்ல கருவி, வாங்கிப் பயன்படுத்துங்கள் என்று சொல்லத் தேவையில்லாதபடி இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் நம் கையில் இருக்க வேண்டிய ஒரு முடிவைக் கருவியே எடுத்துவிட்டதுபோன்ற தோற்றத்தை அதன் எளிமை சில வேளை தந்துவிடுகிறது. அந்த முடிவு எது என்பதைச் சொல்ல, முதலில் கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

பள்ளிப் பாடநூல்கள் உடனொளிர்தல் என்று சொல்லும் நிகழ்வில், ஒரு மூலக்கூறு ஓர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சி, சற்று நீண்ட வேறோர் அலைநீளத்தில் அதை உமிழ்கிறது. 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் இதை விளக்கி எழுதிய நாளிலிருந்து, இது பொருள்களை அடையாளம் காணும் வழியாகவும் இருந்து வருகிறது. இடைஞ்சல் என்னவென்றால், அறை வெப்பநிலையில் கரைசலில் இருக்கும் மூலக்கூறுகளின் உமிழ்வுப் பட்டைகள் பல பத்து நானோமீட்டர் அகலம் கொண்டவை. புரதங்களில் உள்ள அமினோ அமிலங்களையே எடுத்துக்கொண்டால், டிரிப்டோஃபான் நீரில் ஏறத்தாழ 350 நானோமீட்டரில் உச்சம் காட்டுகிறது, டைரோசின் 303இல், ஃபீனைல்அலனின் 282இல். உச்சங்கள் தள்ளித் தள்ளி இருந்தாலும் அவற்றின் அடிவாரங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். இயற்கை நீரிலுள்ள ஹியூமிக் பொருள்களின், அதாவது தாவரமும் உயிரிகளும் மக்கிப்போய்க் கலக்கும் கரிமப் பொருள்களின், நிலை இன்னும் சிக்கலானது. 1996இல் பௌலா கோபிள் கடல்நீரிலும் நன்னீரிலும் திரும்பத் திரும்பத் தென்படும் உச்சங்களை எழுத்துகளால் பெயரிட்டு வகைப்படுத்தினார். அந்தப் பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. ஆனால் உச்சத்தின் உயரத்தை மட்டும் படித்தெடுக்கும் முறையில், ஒரு பொருளின் உயரத்தில் பக்கத்துப் பொருளின் அடிவாரமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அந்தக் கலப்படத்தை அளந்து கழிக்க அம்முறையில் வழி இல்லை.

கணக்கு உள்ளே வருவது இந்த இடத்தில்தான். பல மாதிரிகளின் உமிழ்வு நிறமாலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அதாவது மாதிரி ஒரு பக்கமும் அலைநீளம் மறுபக்கமுமாக இருதிசை அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு, அதைச் செறிவுகள், தூய நிறமாலைகள் என்ற இரண்டு அணிகளின் பெருக்கலாகப் பிரிக்கப் பார்த்தால் ஒரே விடை கிடைக்காது. 12 என்ற எண்ணைக் கொடுத்து, இது எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று கேட்டால் மூன்றும் நான்கும் என்றும் சொல்லலாம், இரண்டும் ஆறும் என்றும் சொல்லலாம். அணிகளின் உலகில் இந்தக் குழப்பம் எல்லையற்றது: முதல் அணியை ஏதாவதொரு சுழற்சி அணியால் பெருக்கி, இரண்டாவதை அதன் நேர்மாறு அணியால் பெருக்கினால், பெருக்கற்பலன் மாறாது, உள்ளே இருக்கும் நிறமாலைகளோ முற்றிலும் வேறாகிவிடும். முதன்மைக் கூறு பகுப்பாய்வு இந்தக் குழப்பத்தைச் செங்குத்து என்ற நிபந்தனையால் தீர்க்கிறது. ஆனால் வேதிப்பொருள்களின் நிறமாலைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும் என்று இயற்கை எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எண்கள் எதுவும் சுழியத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற நிபந்தனை குழப்பத்தை நன்றாகக் குறைக்கும், பெரும்பாலும் முழுதாக நீக்காது.

மூன்றாவது திசை ஒன்று சேர்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. மாதிரி, கிளர்வு, உமிழ்வு என்று மூன்று திசைகளில் அடுக்கிய எண்கட்டியில், ஒவ்வொரு பொருளின் பங்களிப்பும் மூன்று எண்களின் பெருக்கலாக அமைகிறது: அந்த மாதிரியில் அதன் அளவு, அந்தக் கிளர்வு அலைநீளத்தில் அது உறிஞ்சும் திறன், அந்த உமிழ்வு அலைநீளத்தில் அது வெளியிடும் பங்கு. எல்லாப் பொருள்களின் பங்களிப்பையும் கூட்டினால் அளந்த எண் வர வேண்டும். வராத மிச்சம் இரைச்சல். இந்தப் பிரிப்புக்குப் பாராஃபாக் என்று பெயர். 1927இலேயே ஃபிராங்க் ஹிட்ச்காக் இதன் கணித வடிவத்தை எழுதிவிட்டார். 1970இல் ரிச்சர்ட் ஹார்ஷ்மன் ஒருபுறமும், கேரல், சாங் இருவரும் மறுபுறமும், ஒருவரையொருவர் சாராமல் உளவியல் அளவீட்டுத் தரவுகளுக்காக இதையே மீண்டும் கண்டெடுத்தார்கள். மனிதர்களின் மதிப்பீடுகளைப் பிரிக்கப் பிறந்த கணக்கு, மனிதர்களைவிட வேதிப்பொருள்களுக்கே கூடுதலாகப் பொருந்தியது என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

இந்தப் பிரிப்பு ஒரே விடை தரும் என்பதற்கு 1977இல் ஜோசஃப் குருஸ்கல் ஒரு போதுமான நிபந்தனையை நிறுவினார். ஒவ்வொரு திசையிலும் கூறுகள், அதாவது பிரித்தெடுக்கப்படும் பொருள்கள், ஒன்றையொன்று எவ்வளவு சாராமல் இருக்கின்றன என்பதற்கு ஓர் எண் உண்டு. மூன்று திசைகளின் எண்களையும் கூட்டினால் வருவது, கூறுகளின் எண்ணிக்கையை இரட்டித்து இரண்டைக் கூட்டியதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். மூன்று அமினோ அமிலங்கள் கலந்த மாதிரிகளில் மூன்று திசைகளிலும் அந்த எண் மூன்று என்றால், கூட்டுத்தொகை 9, தேவையோ 8. நிபந்தனை நிறைவேறுகிறது. ஆனால் இரண்டு அமிலங்கள் எல்லா மாதிரிகளிலும் மாறாத ஒரே விகிதத்தில் கலந்திருந்தால், மாதிரித் திசையின் எண் ஒன்றாகச் சுருங்கி, கூட்டுத்தொகை 7 ஆகிவிடும். விடை ஒன்றே என்ற உறுதி அதோடு போய்விடும். இந்தச் சிறு கணக்கின் நடைமுறைப் பொருள் பெரிது. ஒரே இடத்தில் எடுத்த நீரைப் பத்து விதமாக நீர்த்து வைத்து அளப்பவருக்கு எந்த மென்பொருளும் உதவாது. கூறுகளின் விகிதம் மாதிரிக்கு மாதிரி மாற வேண்டும். மழைக்காலமும் கோடையும், மேலாறும் கழிமுகமும் கலந்து வர வேண்டும்.

ஒளிர்வுத் தரவுக்குப் பாராஃபாக்கைப் பழக்கப்படுத்தியதில் டென்மார்க்கின் ராஸ்மஸ் புரோவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1997இல் அவர் எழுதிய பயிற்சிக் கட்டுரையிலிருந்து தொடங்கியவர்கள் பலர். 2003இல் காலின் ஸ்டெட்மன், ஸ்டீக் மார்காகர், புரோ மூவரும் இயற்கை நீரின் கரிமப் பொருளுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். அதன்பின் 2013இல் கேத்லீன் மர்ஃபி முதலானோர் விலைக்கு உரிமம் வாங்க வேண்டிய மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் இயங்கும் ட்ரீம் என்ற கருவித்தொகுப்பை வெளியிட்டார்கள். ஸ்டார்டாம் அந்த மரபின் அடுத்த பிள்ளை. ட்ரீம் உருவாக்கிய மர்ஃபியே ஸ்டார்டாம் கட்டுரையின் ஆசிரியர்களிலும் ஒருவர் என்பதால், இரண்டையும் போட்டியாளர்களாகப் பார்ப்பதைவிட ஒரே சமையல் முறையை இரண்டு அடுப்புகளில் ஏற்றியதாகப் பார்ப்பது பொருந்தும்.

இனி கருவிக்குள் போவோம். ஸ்டார்டாமின் உண்மையான மதிப்பு பாராஃபாக் கணக்கில் இல்லை. அந்தக் கணக்கை அது வேறோர் ஆர் தொகுப்பிடம் ஒப்படைத்துவிடுகிறது. கணக்குக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய வேலைகளை ஒரே வரிசையில் கோத்துத் தந்திருப்பதில்தான் அதன் பெருமை. கேரி எக்லிப்ஸ், அக்வாலாக், ஷிமாட்சு போன்ற கருவிகளின் கோப்புகளையும், பொதுவான சி.எஸ்.வி. கோப்புகளையும் நேரடியாக வாசிக்கிறது. உறிஞ்சல் அளவீடுகளைத் தனியே ஏற்றிக்கொள்கிறது. பெயர்கள் பொருந்துகின்றனவா, அலைநீள வீச்சு ஒத்துப்போகிறதா, வெற்று நீரின் அளவீடு இருக்கிறதா என்றெல்லாம் சரிபார்த்து, விடுபட்டதைப் பட்டியலிட்டுச் சொல்கிறது. இந்தச் சரிபார்ப்பு ஒன்றுக்காகவே நான் இதற்கு நன்றி சொல்வேன். கோப்புப் பெயரில் ஒரு புள்ளி கூடிப்போனதால் முழு நாளையும் தொலைத்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

அடுத்து உள்வடிகட்டல் திருத்தம். குவளைக்குள் இருக்கும் நீரே கிளர்வொளியின் ஒரு பகுதியையும், உமிழ்ந்த ஒளியின் ஒரு பகுதியையும் விழுங்கிவிடும். கிளர்வு அலைநீளத்தில் உறிஞ்சல் 0.3, உமிழ்வு அலைநீளத்தில் 0.1 என்றால், இரண்டின் சராசரி 0.2; பத்தின் அடுக்காக அதை ஏற்றினால் ஏறத்தாழ 1.58. அதாவது, கருவி காட்டியதை ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்த்தினால்தான் உண்மையான ஒளிர்வு. இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், ஒளிர்வு செறிவுக்கு நேர்விகிதமாக இருக்கும் என்ற அடிப்படையே உடைகிறது. அது உடைந்தால் மூன்று எண்களின் பெருக்கல் என்ற அமைப்பும் உடைகிறது. ஸ்டார்டாம் உறிஞ்சல் தரவைக் கொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் இதைச் செய்துவிடுகிறது. ஆனால் நீர் மிகவும் கறுத்திருந்தால் எந்தத் திருத்தமும் முழுமையாகக் காப்பாற்றாது. நீர்த்து அளப்பதே வழி. நீர்த்த மடங்கைத் தரவு அட்டவணையில் எழுதிவைத்தால் மென்பொருள் அதையும் கணக்கில் சேர்க்கிறது.

அளவின் அலகுக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கருவியின் எண்ணும் ஒவ்வொரு விதமாக இருக்கும் என்பதால், தூய நீரின் ராமன் சிதறலை, அதாவது நீர் மூலக்கூறில் பட்டு அலைநீளம் மாறிச் சிதறும் ஒளியை, அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். 350 நானோமீட்டரில் ஒளியைச் செலுத்தினால் நீரின் ராமன் உச்சம் ஏறத்தாழ 397இல் வரும்; 371 முதல் 428 வரை அதன் பரப்பைக் கணக்கிட்டு, எல்லா எண்களையும் அதனால் வகுப்பது வழக்கம். இப்படி ராமன் அலகில் சொன்னால்தான் ஓர் ஆய்வகத்தின் எண்ணை மற்றோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட முடியும். சர் சி.வி. ராமனின் பெயர் இப்படி ஒரு வகுஎண்ணாக நாள்தோறும் உலகெங்கும் பயன்படுவதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

அளவுகோலாக உதவும் அதே சிதறல்தான் பிரிக்கும் வேலையில் முதல் எதிரி. அலைநீளம் மாறாமல் சிதறும் ரேலி சிதறல் கிளர்வு அலைநீளத்திலேயே வந்து நிற்கும். அதன் இரண்டாம் படி இரு மடங்கு அலைநீளத்தில் வரும். ராமன் சிதறலுக்கும் இதுபோல இரண்டு வரிகள் உண்டு. ஆக, அணியின் குறுக்கே நான்கு சாய்கோடுகள் ஓடும். சிதறலின் உமிழ்வு இடம் கிளர்வோடு சேர்ந்து நகர்வதால், நகராத நிறமாலை என்ற அனுமானத்துக்கு அது நேர் எதிரி. எனவே வெட்டி எறிய வேண்டும். எந்தச் சாய்கோட்டை எவ்வளவு அகலத்துக்கு வெட்டுவது என்பதை நாமே சொல்ல ஸ்டார்டாம் இடம் தருகிறது. வெட்டிய குழியை வெற்றிடமாக விடலாம், பக்கத்து மதிப்புகளைக் கொண்டு இட்டு நிரப்பலாம். நிரப்பினால் கணக்கு விரைவாக ஒருங்குகிறது, அதாவது ஒரு விடையில் வந்து நிலைகொள்கிறது. பெரிய குழிகளை நிரப்பினால் நாமே கற்பனை செய்த தரவைப் பிரித்துக்கொண்டிருப்போம் என்ற ஆபத்தும் கூடவே வருகிறது.

இதில் நான் பட்ட அடி ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல்முறை பயன்படுத்தியபோது, தரவை வீணாக்கக்கூடாது என்ற கஞ்சத்தனத்தில் ராமன் சாய்கோட்டை மிகக் குறுகலாக வெட்டினேன். ஐந்து கூறுகள் கொண்ட மாடலில் ஐந்தாவது கூறு, 275இல் கிளர்ந்து 303இல் உமிழ்வதாக அழகாக வந்து நின்றது. டைரோசினைப் போன்ற புரதப் பொருள் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துபோனேன். பிறகுதான் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன்: நீரின் ராமன் பெயர்ச்சி ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3,400 அலைகள், 275 நானோமீட்டரில் ஒளி விழுந்தால் ராமன் உச்சம் வர வேண்டிய இடம் 303. நான் கண்டுபிடித்த புரதம் வெறும் நீர். போதாக்குறைக்கு அந்தக் கூறின் அளவு எல்லா மாதிரிகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எல்லாக் குவளையிலும் இருப்பது நீர்தான் என்பதால் அப்படித்தானே இருக்கும். மென்பொருளின் மேல் குற்றமில்லை, நான் கொடுத்ததைப் பிரித்துக் கொடுத்தது. வெட்டும் அகலத்தைக் கூட்டி மீண்டும் ஓட்டியதும் அந்தக் கூறு மறைந்தது. டைரோசின் உமிழும் இடமும் ராமன் கோடும் இப்படி ஒரே இடத்தில் மோதிக்கொள்வதால், அந்தப் பகுதியில் வரும் எந்தக் கூறையும் இப்போதெல்லாம் நான் இரண்டு முறை விசாரிக்காமல் நம்புவதில்லை.

கருவியின் கணக்குத் திறனைச் சோதிக்க, விடை முன்பே தெரிந்த தரவு வேண்டும். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் வேதியளவியல் குழு நெடுங்காலமாகப் பொதுவில் வைத்திருக்கும் அமினோ அமிலத் தரவு இதற்குப் பொருத்தமானது: டிரிப்டோஃபான், டைரோசின், ஃபீனைல்அலனின் மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்த ஐந்தே மாதிரிகள், உமிழ்வு 250 முதல் 450 வரை, கிளர்வு 240 முதல் 300 வரை. இந்த எண்கட்டியை மூன்று கூறுகளாகப் பிரிக்கச் சொன்னால், எந்தத் தூய நிறமாலையையும் முன்கூட்டிக் காட்டாமலே, மூன்று அமிலங்களின் நிறமாலைகளும் பாடநூலில் வரைந்ததுபோல வெளிவந்து நிற்கின்றன. பல ஆண்டுகளாகப் பார்த்தும் இந்தக் காட்சியின் வியப்பு எனக்கு அடங்கவில்லை. நான்கு கூறுகள் என்று கேட்டால், உண்மையில் இல்லாத நான்காவதை உருவாக்க முயன்று, கோர் கன்சிஸ்டன்சி என்ற ஒத்திசைவு மதிப்பு நூற்றுக்கு அருகிலிருந்து சரிந்து விழுகிறது. புரோவும் ஹென்க் கீர்ஸும் 2003இல் முன்வைத்த அளவுகோல் அது. இதுபோன்ற தூய்மையான தரவில் நீதிபதிபோல நடந்துகொள்கிறது.

இயற்கை நீரில் அந்த நீதிபதி அவ்வளவு கறாராக இருப்பதில்லை. கூறுகளின் எண்ணிக்கை நான்கு, ஐந்து என்று ஏறும்போதே அந்த மதிப்பு பெரும்பாலும் குறைந்துபோகிறது. ஆனாலும் ஐந்து கூறு மாடல் பொருளுள்ளதாக இருக்கக்கூடும். எத்தனை கூறுகள் என்பதைக் கணக்கு நமக்குச் சொல்லாது. நாம் ஐந்து என்றால் ஐந்து தரும், ஏழு என்றால் ஏழு தரும், எத்தனை கேட்டாலும் தடுக்காமல் அழகான வண்ணப் படமாக வரைந்தும் தரும். விளக்கப்பட்ட வேறுபாட்டின் சதவீதம் கூறு கூடக்கூட ஏறிக்கொண்டேதான் போகும் என்பதால் அதை வைத்தும் முடிவெடுக்க இயலாது. தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட, நம் கையில் இருக்க வேண்டிய முடிவு இதுதான். மூன்று முதல் ஏழு வரை எல்லா மாடல்களையும் ஒரே கட்டளையில் ஓட்டி அருகருகே படமாக வைத்துவிடும் வசதி ஸ்டார்டாமில் இருக்கிறது. வசதிதான், ஆனால் படங்களைப் பார்த்து மனத்துக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ளும் பழக்கத்துக்கும் அது வழிவிடுகிறது.

அதற்கு மருந்தும் உள்ளேயே இருக்கிறது. பயன்படுத்துபவர் பொறுமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவது எச்சப் படங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் அளந்ததிலிருந்து மாடல் சொன்னதைக் கழித்து மிச்சத்தை வரைந்து பார்த்தால், அது வெறும் புள்ளித் தூசியாக இருக்க வேண்டும். அங்கே ஒரு மேடோ பள்ளமோ ஒழுங்காகத் தெரிந்தால் ஒரு கூறு விடுபட்டிருக்கிறது என்று பொருள். இரண்டாவது பாதிப் பிரிப்புச் சோதனை. மாதிரிகளை நான்கு பங்காக்கி, இரண்டிரண்டாகச் சேர்த்து ஆறு பாதிகளை உருவாக்கி, ஆறுக்கும் தனித்தனியே மாடல் கட்டி, ஒன்றோடொன்று மாதிரி பகிராத மூன்று இணைகளை ஒப்பிடுகிறார்கள். ஒவ்வொரு கூறின் நிறமாலையும் இரு பாதிகளிலும் ஒன்றுபோல வந்தால் அது தரவில் உண்மையாகவே இருக்கிறது என்று நம்பலாம். ஒற்றுமையை அளக்க டக்கர் ஒப்புமைக் கெழு பயன்படுகிறது, 0.95க்கு மேல் இருந்தால் ஒன்றே என்று கொள்வது வழக்கம். மூன்றாவது லெவரேஜ்: ஒரே ஒரு மாதிரி முழு மாடலையும் தன் பக்கம் இழுக்கிறதா என்று காட்டும். இழுக்கும் மாதிரியைத் தூக்கி எறிவதற்குமுன் அது ஏன் இழுக்கிறது என்று குறிப்பேட்டைப் பார்ப்பது நல்லது; குவளையில் விரல் ரேகை பட்டதாகவும் இருக்கலாம், சாயப்பட்டறைக் கழிவு கலந்த ஒரே உண்மையான மாதிரியாகவும் இருக்கலாம்.

வேகத்தைப் பற்றி இரண்டு வரி. இரண்டு திசைகளை நிறுத்திவைத்து மூன்றாவதை மீச்சிறு வர்க்க முறையில் தீர்ப்பது, பிறகு அடுத்ததை என்று சுற்றிச் சுற்றி வருவதால், தற்செயலான தொடக்கம் சில வேளை தவறான பள்ளத்தில் போய்ச் சிக்கும். அதனால் பல தொடக்கங்களிலிருந்து ஓட்டிச் சிறந்ததை எடுக்க வேண்டும். ஸ்டார்டாம் கணினிச் செயலியின் எல்லா உள்ளகங்களையும் (கோர்) பயன்படுத்தி இதைச் செய்கிறது. தேடும் கட்டத்தில் தளர்வான ஒருங்கல் எல்லையும், இறுதி மாடலுக்கு இறுக்கமான எல்லையும் வைத்தால் நேரம் மிச்சமாகும். எதிர்க்குறி கூடாது என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டாம். சுழியத்துக்குக் கீழே ஒளிர்வு என்று ஒன்று உலகில் இல்லை. செறிவு மிகுந்த சில மாதிரிகள் மற்றவற்றை அமுக்கிவிடாதிருக்க, மாடல் கட்டும்போது மட்டும் எல்லா மாதிரிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பின்பு பழைய அளவுக்குத் திருப்பும் வசதியும் உண்டு. அந்தத் திருப்பும் படியை மறந்துவிட்டால் இறுதி எண்கள் பொருளற்றவை.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் வேதியியல் ஒத்துழைக்க வேண்டும். கூறுகள் ஒன்றையொன்று பாதிக்காமல் தத்தம் ஒளியைத் தனித்தே உமிழ்கின்றன என்பது பாராஃபாக்கின் அடிப்படை அனுமானம். ஹியூமிக் பொருள்களில் எலக்ட்ரான் வழங்கும் பகுதிக்கும் ஏற்கும் பகுதிக்கும் இடையே மின்சுமைப் பரிமாற்றம் நிகழ்கிறது என்று 2004இல் ரோசானா டெல் வெக்கியோவும் நீல் பிளஃபும் வாதிட்டார்கள். அது உண்மையாகும் அளவுக்கு, நாம் பிரித்தெடுக்கும் கூறு ஒரு தனிச் சேர்மம் என்று சொல்லும் உரிமை நமக்குக் குறைகிறது. நீரிலுள்ள இரும்பு ஒளிர்வைத் தணிக்கும். அமிலத்தன்மை மாறினாலும் நிறமாலை மாறும். அதனால்தான் கவனமுள்ளவர்கள் டிரிப்டோஃபான் என்று எழுதாமல் டிரிப்டோஃபானை ஒத்த கூறு என்று எழுதுகிறார்கள். சில பீனால் சேர்மங்களும் அதே இடத்தில் ஒளிரும். கிடைத்த கூறுகளை ஓப்பன்ஃபுளோர் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்ற கோப்பை ஸ்டார்டாமே உருவாக்கித் தருகிறது. அங்கே பொருத்தம் கிடைப்பது மகிழ்ச்சி தரும். ஆனால் வேறொருவரும் இதே வடிவத்தைக் கண்டார் என்பதற்குமேல் அது எதையும் நிரூபிப்பதில்லை.

மாற்றுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மேட்லாப் உரிமம் ஏற்கெனவே உள்ள ஆய்வகத்தில் இருப்பவர் ட்ரீமிலேயே தொடரலாம். அதைவிட்டு இங்கே வரக் காரணம் இல்லை. அந்த உரிமத்துக்குச் செலவழிக்க இயலாத கல்லூரியில் இருப்பவருக்கு ஸ்டார்டாம் வேலையைக் குறைவின்றிச் செய்து தரும். பைதான் பழகியவர்களுக்கு டென்சர்லி இருக்கிறது. அதில் எதிர்க்குறி தவிர்த்த பாராஃபாக் நன்றாகவே உண்டு, ஆனால் அது வெறும் கணித எந்திரம். சிதறலை வெட்டுவது முதல் ராமன் அலகு வரை எல்லாவற்றையும் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். கலக்கும் சாயங்களின் நிறமாலை முன்பே தெரிந்திருக்கும் துறைகளில், உதாரணமாகச் செல்களை எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில், பாராஃபாக்கே தேவையில்லை. ஒற்றைச் சாயமிட்ட செல்களிலிருந்து தூய நிறமாலைகளை எடுத்து, ஒவ்வொரு செல்லின் ஒளியையும் மீச்சிறு வர்க்க முறையில் பிரித்துவிடலாம். தெரியாத பொருளைத் தேடும்போதுதான் மூன்றாவது திசையின் அருமை புரியும்.

குறைகள் என்று சொன்னால், பொத்தான்களை அழுத்தி வேலை வாங்கும் முகப்பு இதில் இல்லை. கட்டளைகளை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். ஆர் மொழியைத் தொட்டே பார்க்காத முதுகலை மாணவருக்கு முதல் வாரம் கடினமாகவே போகும். இணைந்து வரும் வழிகாட்டி ஒரு முழு எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் இறுதி வரை நடத்திக் காட்டுகிறது. அதைப் படியெடுத்து ஓட்டினால் எல்லாம் ஓடிவிடும். ஆனால் அதிலுள்ள வெட்டும் அகலங்களும் ஒருங்கல் எல்லைகளும் அந்த எடுத்துக்காட்டுத் தரவுக்கானவை என்பதைப் படிப்பவர் தாமே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இறுதியில் எல்லாப் படங்களையும் அட்டவணைகளையும் ஒரே அறிக்கையாகத் தொகுத்துத் தரும் வசதி மிக நன்று. உறிஞ்சல் சரிவுகள், ஹியூமிக் குறியெண் போன்ற வழக்கமான குறியெண்களையும் கூடவே கணக்கிட்டுவிடுகிறது.

நிறுவிக்கொண்ட முதல் நாளே சொந்த மாதிரிகளை ஏற்ற வேண்டாம். அந்த ஐந்து அமினோ அமில மாதிரிகளை எடுத்து, முதலில் மூன்று, பிறகு நான்கு, பிறகு இரண்டு என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கேட்கும்போது எந்த இரண்டு அமிலங்கள் ஒட்டிக்கொள்கின்றன, எச்சப் படத்தில் விடுபட்ட மூன்றாவது எங்கே தலைகாட்டுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, உங்கள் ஆற்றுநீரின் எச்சப் படத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கும்.